மஹாலட்சுமி விழுங்கிய வசனம்

காஞ்சிபுரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஏதாவது ஒரு கோயில் மதிலில்தான் போய் விழும். ஆனால் சாமி இல்லாத கோயில் என்று பார்த்தால் ஊரில் ஒன்றுதான். பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரி கட்டிய சின்னச் சர்ச். சபை பெருகி, புதுச் சர்ச் கட்டிக்கொண்டு போனவர்கள் சிலுவையை எடுத்துக்கொண்டார்கள், மணியை எடுத்துக்கொண்டார்கள், பெஞ்சுகளையும் விடவில்லை. பீடத்துக்கு மேலே சரவிளக்கு தொங்கிய உத்தரமும், விளக்கை ஏற்றி இறக்கப் போட்டிருந்த இரும்புக் கப்பியும்தான் மிச்சம். அந்த மிச்சத்தில் வௌவால் குடியேறியது.

வௌவாலை விரட்டிவிட்டு அங்கே நாடகம் போட ஆரம்பித்தவள் கீர்த்தி. சென்னையில் நாடகம் படித்துவிட்டு வந்த பெண். பீடம் இருந்த மேடைதான் இப்போது நாடக மேடை. பாதிரியார் அங்கி மாற்றிக்கொண்ட சிற்றறையில் நடிகர்கள் பவுடர் போட்டுக்கொள்கிறார்கள். தறி நெய்கிறவர்கள், தையல்காரர், பார்சல் ஆபீஸ் லோடுமேன் என்று அவளுக்குக் கிடைத்தவர்களெல்லாம் பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள். ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு சேர் போதாமல் சண்டை போட்டார்கள்.

மஹாலட்சுமியைக் கேட்டால் அந்த இடத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்வாள். காலை முதல் மாலை வரை குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டு நெய்கிறவள் அவள். மேடையில் ஏறினால் நிற்கலாம். சுவருக்குப் பதில் ஜனங்களின் முகங்களைப் பார்க்கலாம். அந்த முகங்களுக்காக அவள் மாமியாரிடம் வாங்கிய பேச்சைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு புடவையே நெய்திருக்கலாம்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது வேட்டு வைக்கப் பார்த்தார்கள். கட்டடத்தைக் குடோனாக விட்டால் வாடகை வரும் என்று சபைக் கமிட்டியில் சிலர் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் மட்டும் வேறு. பழைய கட்டடம், கூட்டம் கூடுகிறது, ஆளுக்கு ஆபத்து என்றார்கள். சபைச் செயலாளர் தனசேகரன் நல்ல மனிதர். இந்தச் சர்ச்சில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. "நானே வந்து நாடகம் பாக்கறேன். பத்திரமான எடம்னு என் மனசுக்குப் பட்டா கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்" என்று கீர்த்தியிடம் சொல்லியிருந்தார். இன்றைக்கு வருகிறார்.

நாடகம் ஏரி மதகைப் பற்றியது. தாமல் ஏரிக்கரையில் யார் யாரிடமோ கேட்ட கதைகளை ஒட்டவைத்துக் கீர்த்தி எழுதியது. ஏரித் தண்ணீரை ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதற்காக, வயலுக்குப் பாயும் மதகை மூட அதிகாரி வருகிறார். மதகுக்காரன் மதகின் வாயிலேயே படுத்துக்கொள்கிறான். அவன் மனைவி தலைவிரிகோலமாக நின்று, "இறக்குங்கய்யா! இறக்கித்தான் பாருங்களேன்!" என்று கத்துகிறாள். மதகுப் பலகை மெல்ல மெல்ல இறங்கி, அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே வந்து நிற்கிறது. விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம்.

முதலில் அந்தப் பலகையைத் தெர்மாகோலில் செய்து பார்த்தார்கள். காற்றில் ஆடியது, ஒத்திகை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீர்த்திக்கு ரோஷம் வந்துவிட்டது. சர்ச்சின் பழைய தேக்குக் கதவு ஒன்று வெளியே சும்மா சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கிக் கப்பியில் மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் ஒத்திகையில்கூட யாரும் சிரிக்கவில்லை.

மதகுக்காரன் வேஷம் தையல்கடை ஜான் பாஷாவுக்கு. கணீரென்ற குரல். எழுதிய வசனத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அவருக்கு ஆகாது. அதிகாரி வேஷம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பரமசிவத்துக்கு. இவர் நேர்மாறு, எதிரில் இருப்பவர் வசனம் மறந்தால் அதையும் சேர்த்து இவரே பேசி ஒப்பேற்றிவிடுவார். உபகாரி. மனைவி வேஷம் மஹாலட்சுமிக்கு. கதவை இறக்குவது ஜான் பாஷாவின் மகன் வசீம். பார்சல் ஆபீசில் லாரிக்கு லோடு கட்டுகிறவன். அவன் முடிச்சு போட்டால் அவன்தான் அவிழ்க்க வேண்டும். சிற்றறை இருட்டில், இரும்புக் கம்பத்தில் சுற்றிய கயிற்றோடு உட்கார்ந்திருப்பான். மஹாலட்சுமி "இறக்குங்கய்யா" என்றதும் "பிஸ்மில்லா" என்று கயிற்றின் தொங்கும் நுனியைப் பலமாக ஓர் இழுப்பு இழுப்பான். லோடுமேன் பழக்கம். கட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே கை வைப்பான். இழுக்க இழுக்க அவன் முடிச்சு இறுகும். பிறகு நிதானமாகச் சுற்றைப் பிரித்து, கதவை விட்டு விட்டு இறக்குவான்.

இன்றைக்கென்று பார்த்து அவன் தங்கை ஷிஃபாவுக்கு வலி கண்டுவிட்டது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் சாயங்காலம் வரை வரவில்லை. புதுச்சாயம் பூசுவதற்காகக் கதவை மேடையில் இறக்கி வைத்திருந்தார்கள். ஜனங்கள் வருவதற்குள் ஏற்றியாக வேண்டும். கீர்த்தியும் பரமசிவமும் கயிற்றைப் பிடித்து இழுக்க, கதவு உத்தரம் வரை ஏறியது.

"அக்கா, சீக்கிரம் கட்டு! கை போவுது!" என்று கீர்த்தி கத்தினாள்.

மஹாலட்சுமி கம்பத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். தலையில் பூ வைக்க வேண்டும், முகத்துக்குப் பவுடர் போட வேண்டும், முதல் காட்சி வசனத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனசு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்குக் கட்டி முடித்தது.

தனசேகரன் முன்னதாகவே வந்துவிட்டார். மேடைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். "இது விழுந்துடாதேம்மா?"

"மலைய தொங்கவிட்டாலும் தாங்கும் சார்" என்றாள் மஹாலட்சுமி, கொஞ்சம் பெருமையாகவே.

நாடகம் ஆரம்பிக்கிற சமயத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான் வசீம். "டாக்டரம்மா இன்னும் டைம் இருக்குதுன்ட்டாங்கப்பா. அம்மா கூட இருக்குது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இருட்டில் தன் இடத்துக்குப் போனான். கதவு மேலே தொங்குவதைப் பார்த்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. யார் ஏற்றினார்கள், யார் கட்டினார்கள் என்று அவன் கேட்கவில்லை. சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் பாதி பிரமாதமாகப் போனது. சேரெல்லாம் நிரம்பி, சுவரோரம் ஜனம் நின்றது. கடைசிக் காட்சி வந்தது. அதில் மனைவி, புருஷனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பாள். வழக்கமாகக் கீர்த்தி முன்னாடியே மூட்டையைக் கட்டி வைத்திருப்பாள்; இன்றைக்கு அவளுக்கு இருந்த ஓட்டத்தில் மறந்துவிட்டாள். துணியும் தூக்குச்சட்டியும் தனித்தனியாக இருந்தன. பரவாயில்லை என்று மஹாலட்சுமி மேடையிலேயே பேசிக்கொண்டே கட்டினாள். ஜான் பாஷா மூட்டையை வாங்கி, துணியின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார்.

ஒரே இழுப்பு. மூட்டை மொத்தமாக அவிழ்ந்து மடியில் விரிந்தது.

மஹாலட்சுமி தன் கையைப் பார்த்தாள்.

அது தறி முடிச்சு. குழித்தறியில் பாவை, அதாவது நீள இழைகளை, இழுத்துப் பிடிக்கும் கயிறு எதிர்ச்சுவர்க் கட்டையைச் சுற்றித் திரும்பி வந்து, நெய்கிறவர் கைக்கெட்டும் முளையில் கட்டியிருக்கும். நெய்த துணியைச் சுருட்டும்போதெல்லாம் பாவைத் தளர்த்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் குழியிலிருந்து எழுந்து போக முடியுமா? அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே நுனியை இழுத்தால் சட்டென்று விட்டுக்கொடுக்கிற மாதிரி முடிச்சு போடுவார்கள். நுனியைத் தொடாதவரை எவ்வளவு பாரத்தையும் தாங்கும். தொட்டால் தீர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கை அந்த ஒரு முடிச்சைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தறிப் பழக்கம்.

கம்பத்தில் என்ன முடிச்சு போட்டேன்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகமில்லை. கையைத்தான் கேட்க வேண்டும், கையோ இப்போதுதான் பதில் சொல்லியிருக்கிறது.

அதற்குள் பரமசிவம் அதிகாரியாக இரண்டு போலீஸ்காரர்களோடு சிற்றறைப் பக்கத்திலிருந்து மேடைக்கு வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார். ஜான் பாஷா மடியிலிருந்த சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கதவுக்கு நேர் கீழே போய் மல்லாந்து படுத்தார். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த மதகு மூடாது!" என்று அவர் குரல் கூரையில் மோதித் திரும்பியது. ஜனம் கைதட்டியது. முன்வரிசையில் தனசேகரன் கன்னத்தில் கைவைத்து லயித்துப்போயிருந்தார்.

வசீம் என்று ஒரு குரல் கொடுத்தால்? தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் பதறி முதலில் பிடிப்பது அந்த நுனியாகத்தான் இருக்கும். நாடகத்தை நிறுத்துங்கள் என்று கத்தினால்? நிறுத்திவிட்டு என்ன சொல்வது? கதவு விழப் போகிறது என்றா? ஆபத்தான இடம் என்று தனசேகரன் கண்ணெதிரே அவளே பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒருவேளை கம்பத்தில் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறாளோ என்னவோ.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வசீம் காத்திருப்பது அவளுடைய வசனத்துக்கு. அவள் "இறக்குங்கய்யா" என்று சொல்லாதவரை அவன் கயிற்றைத் தொடமாட்டான். பாஷா பாயின் உயிர் இப்போது அவள் வாயில் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும்.

மூடிக்கொண்டாள்.

மேடை அமைதியாயிற்று. அது நடிப்பு என்று நினைத்து ஜனமும் அமைதியாயிற்று. கொஞ்ச நேரம் போனதும் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் விளக்குப் பெட்டியருகே கீர்த்தி எழுந்து நின்று வாயசைப்பது தெரிந்தது. இ-றக்-குங்-கய்யா.

மஹாலட்சுமி ஜான் பாஷாவிடம் குனிந்தாள். "எழுந்து வாய்யா. வேணாம்யா, வூட்டுக்குப் போலாம் வா."

அப்படியொரு வசனம் நாடகத்தில் கிடையாது. படுத்திருந்தவர் முகம் சுருங்கியது. "வூடு எதுடி எனக்கு? இந்த மதகுதான் என் வூடு!" என்று சமாளித்துவிட்டு, உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். "இன்னாம்மா மகா, டயலாக் மறந்துட்டியா? இறக்குங்கய்யா."

"பாய், எழுந்துருங்க" என்றாள் அவளும் முணுமுணுப்பாக. "முடிச்சு சரியில்ல பாய்."

"முடிச்சா? அந்த சீன் முடிஞ்சுபோச்சும்மா. நீ இறக்குங்கய்யா சொல்லு."

கட்டுச்சோற்று மூட்டையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார் மனிதர். அசையவில்லை. அவருக்கு நாடகம் என்றால் நாடகம்தான். மகள் பிரசவ வலியில் கிடக்கும்போது மேடையில் வந்து படுத்திருக்கிறவரை ஒரு முணுமுணுப்பா எழுப்பும்? அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மனைவி கெஞ்சுகிறாள் என்று நினைத்து அவர் அழகாக உதறினார். ஜனத்தில் ஒரு பெண் "அய்யோ பாவம்" என்றது காதில் விழுந்தது. கடவுளே, இன்னும் கொஞ்ச நேரம் கொடு, அந்தப் போலீஸ்காரர்களைத் தள்ளிவிட்டு அந்த அறைக்குள் போய்விடுகிறேன் என்று ஓரடி எடுத்து வைத்தாள்.

உபகாரி பரமசிவத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு பெண் இப்படி மேடையில் வசனம் மறந்து தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவரா அவர்? தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னாம்மா முழிக்கிற?" என்றார் அதிகாரத் தோரணையில். "இறக்குங்கய்யா, இறக்கித்தான் பாருங்களேன்னு சவால் வுட வந்தியா?"

சிற்றறையிலிருந்து வசீமின் குரல் கேட்டது. "பிஸ்மில்லா."

மஹாலட்சுமி பாய்ந்தாள். ஜான் பாஷாவின் சட்டைக் காலரையும் ஒரு தோளையும் சேர்த்துப் பிடித்து, தன் உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்து இழுத்தாள். இருவரும் உருண்டார்கள். கப்பி கிரீச்சென்று அலறியது. கதவு விழுந்த சத்தத்தில் கட்டடமே குலுங்கியது. மேடைப் பலகை பிளந்து தூசி எழுந்தது. ஜான் பாஷாவின் ஒரு செருப்பு கதவுக்கடியில் இருந்தது. கால் வெளியே இருந்தது.

கீர்த்திக்கு என்ன நடந்ததென்று புரியவில்லை. ஆனாலும் விளக்கை அணைத்தாள்.

இருட்டில் கைதட்டல் எழுந்தது. அந்தச் சர்ச்சில் எந்தப் பிரசங்கத்துக்கும் எந்த நாடகத்துக்கும் அப்படியொரு சத்தம் கேட்டிருக்காது. விசில் அடித்தார்கள், சேரைத் தட்டினார்கள், சிலர் அழுதார்கள். மஹாலட்சுமி தரையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டாள். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட கைதட்டல். காதைப் பொத்திக்கொண்டாள்.

சிற்றறையில் வசீம் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு ஓடிய வேகத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "கை வழுக்கிடுச்சுப்பா" என்றான். "எப்படின்னே தெரியலப்பா. சும்மாதான் இழுத்தேன்."

ஜான் பாஷா திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு நின்று மகனைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடியாந்த. மனசு ஒரு நெலயில இருந்திருக்காது" என்றார். பிறகு மெதுவாக, "இனிமே நீ கயிறு புடிக்க வேணாம்டா" என்றார். வசீம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத் தனசேகரன் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்! அந்தக் கதவு விழுந்துதே, என் நெஞ்சே நின்னுபோச்சு. எவ்வளவு கணக்கா விழுது! இப்படித்தான் ஒத்திகையெல்லாம் பண்ணீங்களா?"

கீர்த்தி ஒரு நொடி தயங்கினாள். "ஆமா சார்" என்றாள்.

"அப்போ கமிட்டிகிட்ட நான் தைரியமா சொல்லிடறேன். இவ்வளவு பக்குவமா வேல செய்யற புள்ளைங்க இருக்கும்போது என்ன ஆபத்து?"

ஆயிற்று. இடம் கிடைத்துவிட்டது. இனி அந்த மேடை அவர்களுடையது, அந்த முகங்கள் அவளுடையவை. ஒன்றும் செய்ய வேண்டாம், இப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இன்று மேடையிலே அவளுக்கு அதுதானே சுலபமாக வந்தது. ஆனால் அந்த மூலையில் ஒருவன், அப்பாவைக் கொல்லப் பார்த்த கை என்று தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளைக்கு லோடு கட்டப் போகும்போதும் அப்படித்தான் பார்ப்பான். பிறக்கப் போகிற குழந்தையைத் தூக்கும்போதும் அப்படித்தான் பார்ப்பான்.

"அது விழ வேண்டியது இல்ல சார்" என்றாள் மஹாலட்சுமி.

"அக்கா!" என்றாள் கீர்த்தி.

"மெதுவா எறங்கணும். வசீம் கை வழுக்கல. முடிச்சு நான் போட்டது. தறி முடிச்சு, இழுத்தா அவுந்துடும். தெரியாம போட்டுட்டேன். மலைய தொங்கவிட்டாலும் தாங்கும்னு உங்ககிட்ட வேற சொன்னேன்."

தனசேகரன் நம்பாமல் பார்த்தார். அவள் கயிற்றை எடுத்துக் கம்பத்தில் கட்டிக் காட்டினாள். முடிச்சு அச்சு அசலாக விழுந்தது. அவர் இரண்டு விரலால் நுனியைத் தொட்டு இழுத்தார். கயிறு கழன்று அவர் காலடியில் விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜான் பாஷா உட்கார்ந்து மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை அழாத வசீம் அப்போதுதான் அழுதான்.

"சாவியக் குடும்மா" என்றார் தனசேகரன் கீர்த்தியிடம்.

வெளியே வந்ததும் கீர்த்தி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "மேடையில பேச வேண்டியத பேசல. பேசக்கூடாத எடத்துல பேசிட்டக்கா." ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மஹாலட்சுமி தறியில் உட்கார்ந்தாள். எதிரில் புருஷன் லோகேஷ் ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தான். கொஞ்சம் நெய்ததும் பாவைத் தளர்த்த வேண்டி வந்தது. கை முளைக்குப் போனது. நுனியைப் பிடித்தவள் அப்படியே இருந்தாள். இழுக்க முடியவில்லை.

"இழேன். இன்னா பாத்துக்கினு கீற?" என்றான் லோகேஷ்.

பதில் சொல்வதற்குள் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கீர்த்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்.

"ஷிஃபாக்குப் பொண்ணு பொறந்துக்குது. வசீம் அண்ணன் போன் பண்ணாரு" என்றாள். "தனசேகரன் சாரும் பண்ணாரு. மறைக்காம சொன்னீங்களேன்னு சாவி தராராம். ஆனா உத்தரத்துல ஒரு துரும்புகூட தொங்கக் கூடாதாம். கதவ இன்னிக்கே வெளிய எடுத்துடணுமாம்."

மஹாலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"சந்தோஷப்படாதக்கா. கதவு இல்லாம அந்த சீன எப்படிப் பண்றது? மேல ஒண்ணுமே இல்லைன்னா ஜனங்க எதப் பாத்து பயப்படும்?"

மஹாலட்சுமி கயிற்று நுனியை விடவில்லை. நேற்று மேடையில் விழுங்கிய வசனம் மேலே வந்தது. கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இறக்குங்கய்யா" என்றாள். கத்தவில்லை. "இறக்கித்தான் பாருங்களேன்."

லோகேஷின் கையிலிருந்த ஜரிகை நின்றது. கீர்த்தி சட்டென்று ஓரடி பின்வாங்கி, தலைக்கு மேலே பார்த்தாள். மேலே கூரை ஓடுகளும் ஒட்டடையும்தான் இருந்தன.

மஹாலட்சுமி கயிற்றை இழுத்தாள். பாவு தளர்ந்தது.